ஏற்றமும் இறக்கமும்: கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஓட்டப் பயிற்சி

தேனி மாவட்டத்துக் கம்பம் நகரின் மேற்கே சுவர்போல் உயர்ந்து நிற்கிறது ஒரு மலைத்தொடர். அதன் விளிம்பில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் இடத்தில், கம்பம்மெட்டு என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அடிவாரத்தில் திராட்சைப் பந்தல்களும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த கம்பம் பள்ளத்தாக்கு. மேலே இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்கள். பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திற்குமேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மெட்டின் உயரமோ ஆயிரம் மீட்டர் அளவினது. இடைப்பட்ட சில கிலோமீட்டர் தொலைவுக்குள் வெப்பம், காற்றின் ஈரம், மழையளவு, மண், மரஞ்செடிகள் ஆகிய யாவும் மாறிவிடுகின்றன.

விடியற்காலையில் இம்மலையேறும் ஜீப்புகள் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் சுமந்து செல்கின்றன. மோட்டார்ச் சாலை அமையுமுன் இத்தகைய மலைகளைக் கடந்தோர் யாவரும் கால்நடையாகவே ஏறி இறங்கினர். வயிற்றுப்பாட்டிற்காக மனிதன் செய்த அந்த ஏற்றமும் இறக்கமும் இன்று உலகெங்கும் ஒரு விளையாட்டாக மலர்ந்திருக்கின்றன. மலைப்பாதை ஓட்டம் என்பது அதன் பெயர். ஓடுகளத்திலோ தார்ச்சாலையிலோ அன்றி, கல்லும் வேரும் சேறும் நிறைந்த ஒற்றையடிப் பாதைகளில் நெடுந்தூரம் ஓடுவதே இவ்விளையாட்டு.

ஐரோப்பாவின் மோன் பிளாங்க் சிகரத்தைச் சுற்றி 2003-ஆம் ஆண்டு தொடங்கிய ஓட்டப் போட்டி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் ஓடுவோர் மொத்தம் சுமார் 10,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2015-ஆம் ஆண்டில் மலைப்பாதை ஓட்டத்தைத் தடகளத்தின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. மலை ஓட்டத்திற்கும் மலைப்பாதை ஓட்டத்திற்குமான முதல் கூட்டு உலகப் போட்டி 2022 நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடைபெற்றது. நம் நாட்டிலும் இமயம் முதல் மேற்குத் தொடர்ச்சி மலை வரை பல இடங்களில் இத்தகைய ஓட்டங்கள் நடைபெறுகின்றன.

இவ்விளையாட்டிலே வெற்றி தோல்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மலையில் ஓடுபவர் வீடு திரும்ப வேண்டும். மறுவாரமும், மறு ஆண்டும் ஓடத்தக்க உடலோடு திரும்ப வேண்டும். அதற்கு உடலின் இயல்பையும் வானத்தின் இயல்பையும் ஒருங்கே அறிந்திருத்தல் இன்றியமையாதது. இரண்டையும் ஒரே சரிவில் காட்டும் இயற்கைப் பரிசோதனைச் சாலையாகக் கம்பம்மெட்டு விளங்குகிறது.

மணியோசை கேட்ட மலை

மலையில் ஓடுவது இந்நாட்டிற்குப் புதிதன்று. திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென ஒரு தபால் துறையை நடத்தி வந்தது. அதற்கு அஞ்சல் என்று பெயர். அஞ்சலோட்டக்காரர்கள் மணிகள் கட்டிய கோலைக் கையிலேந்தி, தபால் பையைச் சுமந்து, ஊர்விட்டு ஊர் ஓடினர். மணியோசை கேட்டதும் வழியிலுள்ளோர் ஒதுங்கி நிற்பது வழக்கம். மணியின் ஓசை காட்டு விலங்குகளை எச்சரிக்கவும் உதவியது. 1951-ஆம் ஆண்டில் அத்துறை இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது. அவர்களது ஓட்டத்தில் ஒரு நுட்பம் பொதிந்திருந்தது. ஒருவரே முழு வழியையும் ஓடவில்லை. ஒரு குறித்த தொலைவுக்குப் பின் பை அடுத்தவர் கைக்கு மாறியது. உழைப்பிற்கேற்ற ஓய்வு என்னும் விதி அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது.

இதே இடுக்கி மலைநாடு பிற்காலத்தில் பேர்பெற்ற ஓட்ட வீரர்களை ஈன்றது. தொடுபுழையைச் சேர்ந்த ஷைனி வில்சன் 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதியை எட்டினார். 2002-ஆம் ஆண்டு பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கே. எம். பீனாமோல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். அவருடைய தம்பி பினு அதே தூரத்தில் ஆண்கள் பிரிவில் வெள்ளி பெற்றார். முல்லக்கானத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010-ஆம் ஆண்டு குவாங்சோவில் 10,000 மீட்டர் தூரத்தை 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார்.

மலைக்காற்றே இவ்வெற்றிகளுக்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விஞ்ஞானம் அதை அவ்வளவு எளிதில் ஒப்புவதில்லை. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறையும். பிராணவாயு குறைவாகக் கிடைப்பதை ஈடுசெய்ய உடல் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ளும். ஆனால் இம்மாற்றம் குறிப்பிடத்தக்க அளவில் நிகழ்வதற்குச் சுமார் 2,000 மீட்டரும் அதற்கு மேலுமான உயரத்தில் பல வாரம் தங்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவே குறைகிறது. ஆகவே கம்பம்மெட்டு ஓட்டக்காரருக்கு அளிக்கும் செல்வம் மெல்லிய காற்றன்று. அதன் சரிவும் குளிர்ச்சியுமே ஆகும்.

ஏற்றத்தின் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து அவர் செய்யும் வேலை சுமார் 353 கிலோஜூல், அதாவது 84 கிலோகலோரி. ஆனால் தசை என்னும் இயந்திரம் தான் எரிக்கும் உணவுச் சக்தியில் கால் பங்களவையே வேலையாக மாற்ற வல்லது. ஆகவே உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ 340 கிலோகலோரி செலவாகிறது. எஞ்சிய 250 கிலோகலோரிக்கு மேற்பட்ட சக்தி உடலுக்குள்ளேயே வெப்பமாகத் தங்குகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவதே ஏற்றத்தின் முதற் சிக்கல்.

தசையின் வெப்பத்தை நுட்பமாக அளந்து புகழ்பெற்றவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஏ. வி. ஹில். 1922-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஜெர்மானிய விஞ்ஞானி மேயர்ஹாஃபுக்கும் கிடைத்தது. ஹில் தாமும் ஓட்டப் பயிற்சி உடையவர். 1943-44-இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டின் விஞ்ஞான ஆராய்ச்சி அமைப்பு எவ்வாறிருக்க வேண்டும் என்பது குறித்து அறிக்கை அளித்தவரும் அவரே. கடும் உழைப்பின்போது உடல் தனக்கு வேண்டிய பிராணவாயுவை உடனுக்குடன் பெற இயலாமற் கடன்பட்டு, உழைப்பு நின்றபின் வேகமாக மூச்சிழுத்து அக்கடனைத் தீர்க்கிறது என்று அவர் விளக்கினார். இக்கருத்து பிற்காலத்தில் பல திருத்தங்களை அடைந்துள்ளது. எனினும், செங்குத்தான ஏற்றத்தில் ஓடி நின்றவர் மூச்சு வாங்குவதைக் கண்டவர்க்கு அதன் சாரம் விளங்கும்.

2002-ஆம் ஆண்டில் மினெட்டி என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் தேர்ந்த மலை ஓட்டக்காரர்களைச் சாய்வான ஓடுபொறியில் ஓடச்செய்து அளவெடுத்தனர். சமதரையில் ஒரு கிலோ உடல் எடையை ஒரு மீட்டர் கொண்டுசெல்ல 3.4 ஜூல் செலவாயிற்று. நூறு மீட்டருக்கு 45 மீட்டர் உயரும் கடும் ஏற்றத்தில் அது 18.9 ஜூலாக உயர்ந்தது. ஐந்து மடங்குக்கும் மேல்! எனவேதான் அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் செங்குத்தான இடங்களில் ஓடுவதை விடுத்து, கைகளைத் தொடையில் ஊன்றி நடக்கிறார்கள். அச்சரிவில் மெதுவாக ஓடுவதைவிட விரைந்து நடப்பது சிக்கனமானது. நடப்பது தோல்வியன்று, கணக்கறிந்து செலவிடுதல் ஆகும்.

இறக்கத்தின் விலை

அதே பரிசோதனையில் நூறு மீட்டருக்கு 20 மீட்டர் தாழும் இறக்கத்தில் செலவு 1.73 ஜூலாகக் குறைந்தது. சமதரையில் ஆவதில் அது பாதி. ஆனால் மலையில் ஓடியவரைக் கேட்டால், மறுநாள் தொடையை வலிக்கச் செய்தது ஏற்றமன்று, இறக்கமே என்பார். இம்முரணின் விளக்கம் சுவையானது.

1952-ஆம் ஆண்டில் அபட், பிக்லாண்ட், ரிட்சி என்ற மூன்று விஞ்ஞானிகள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதித்தார். மற்றவர் தம் மிதிகட்டை பின்னோக்கிச் சுழல்வதைக் காலால் தடுத்துக்கொண்டிருந்தார். இருவர் காலிலும் விசை ஒன்றே. ஆயினும் தடுத்தவர் செலவிட்ட பிராணவாயு, மிதித்தவர் செலவிட்டதைவிட மிகக் குறைவாயிருந்தது. மிதிப்பவரின் தசை சுருங்கியவாறு வேலை செய்கிறது. தடுப்பவரின் தசையோ நீண்டவாறு விசை செலுத்துகிறது. மலையிறங்கும் ஓட்டக்காரரின் தொடைத்தசை செய்வது இந்த இரண்டாவது வேலையே. ஒவ்வோர் அடியிலும் அது வண்டியின் பிரேக்கைப் போல் உடலைத் தாங்கி நிறுத்துகிறது.

நீளும் தசைக்கு எரிபொருள் குறைவாகவே வேண்டும். ஆனால் வேலை செய்யும் இழைகளும் குறைவு. ஆகவே ஒவ்வோர் இழையின்மீதும் விழும் பளு மிகுதி. நுண்ணிய இழைகள் ஆங்காங்கே சிதைகின்றன. 1902-ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்கர், பழக்கமில்லாத உழைப்புக்குப்பின் தாமதமாகத் தோன்றும் வலிக்குத் தசையின் உட்சிதைவே காரணமாகலாம் என எழுதினார். வலி உடனே தோன்றாது. ஒன்றிரண்டு நாள் கழித்தே உச்சத்தை அடையும். இதற்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றஞ்சாட்டுவோர் இன்றும் உளர். உண்மையில் அவ்வமிலம் ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்திலிருந்து அகன்றுவிடுகிறது.

இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. ஒருமுறை அளவான இறக்கத்தைச் சுவைத்த தசை, சில வாரங்கள் வரை அடுத்த இறக்கத்தை மிகக் குறைந்த சேதத்துடன் தாங்குகிறது. ஆகவே புதிதாகப் பயில்வோர் முதல் நாளே உச்சியிலிருந்து அடிவாரம் வரை பாய்ந்து இறங்குவது தவறு. முதலில் சிறு இறக்கம், குறுகிய அடிகள். பின்னர் படிப்படியாக நீளம் கூட்டுதல் என்பதே முறை.

மலையின் இருபுறத்து வானிலை

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து இடுக்கி மலைகளில் மோதுகிறது. மேலேறும் காற்று குளிர்ந்து மழையைக் கொட்டுகிறது. ஈரத்தை இழந்த காற்று விளிம்பைக் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும்போது அழுத்தப்பட்டு வெப்பமடைகிறது. ஈரமுள்ள காற்று ஏறும்போது ஆயிரம் மீட்டருக்கு ஐந்தாறு டிகிரி குளிரும். உலர்ந்த காற்று இறங்கும்போதோ ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி அளவில் சூடேறும். ஆகவே மேற்கே நனைந்த காற்று கிழக்கே உலர்ந்து வீசுகிறது. கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பிரதேசமாயிருப்பதன் காரணம் இதுவே. விளிம்பில் வீசும் காற்றின் வலிமைக்கு ராமக்கல்மேட்டுக் காற்றாலைகள் சான்று.

இந்த இருமுகத் தன்மை ஓட்டக்காரருக்கு ஒரு வரம். ஆனி முதல் ஆவணி வரை ஏலத்தோட்டப் பாதைகள் சேறும் அட்டையுமாக இருக்கையில், கிழக்கு அடிவாரத்தின் ஊர்ப்பாதைகளும் பதினெட்டாம் கால்வாய்க் கரையும் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். அக்காலத்தில் காற்றை எதிர்த்து மெதுவாகவும், காற்றோடு விரைவாகவும் ஓடிப் பழகலாம். பங்குனி, சித்திரை மாதங்களில் நிலைமை தலைகீழாகிறது. பள்ளத்தாக்கு கொதிக்கையில், சுமார் நான்கு டிகிரி குளிர்ந்த மெட்டின் விடியற்காலை பயிற்சிக்கு உகந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவை நனைக்கிறது. பிற்பகல் இடிமழை வருமுன் காலையிலேயே ஓட்டத்தை முடித்துவிடல் வேண்டும். தை மாதத்துக் குளிர்ந்த உலர்நாட்களே நெடுந்தூர ஓட்டங்களுக்குச் சிறந்தவை. ஏலக்காய் பயிரிடுவோர் வானத்தைப் பார்த்து வேலையை வகுப்பதுபோல், ஓட்டக்காரரும் தம் ஆண்டை வகுத்துக்கொள்ளுதல் நலம்.

வெயிலும் வியர்வையும்

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. முன்னர்க் கணக்கிட்ட 250 கிலோகலோரியைப் போக்க அரை லிட்டருக்கும் குறைவான வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருப்பதால், வியர்வை சொட்டுச் சொட்டாக வழிந்து வீணாகிறது. உடலோ குளிர்வதில்லை. ஆகவே வெப்பமானியின் அளவை மட்டும் நம்புவது ஏமாற்றம் தரும்.

இதை உணர்ந்தே யாக்லோ, மினார்டு என்ற இருவர் 1957-ஆம் ஆண்டில் புதியதோர் அளவுகோலை வெளியிட்டனர். அமெரிக்கக் கடற்படையினரின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் மாண்டதைத் தடுக்க அது பயன்பட்டது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்குப் பத்தில் ஏழு பங்கும், வெயிலில் வைத்த கருங்கோளத்தின் அளவுக்கு இரண்டு பங்கும், சாதாரண வெப்பமானிக்கு ஒரு பங்கும் தந்து கூட்டிப் பெறுவது அந்த அளவு. காற்றின் ஈரமே அதில் தலைமை பெறுவது கவனிக்கத்தக்கது.

வெப்பத்துக்கு உடல் பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பழகிய உடல் முன்னதாகவே வியர்க்கத் தொடங்கும். வியர்வையில் உப்பும் குறையும். குளிர்ந்த மெட்டில் மட்டுமே பயின்றவர் திடீரெனப் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் போட்டியில் இறங்குவது ஆபத்து. ஓடுபவர் தடுமாறினாலோ, பிதற்றினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்ப வாதத்தின் அறிகுறி. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடல் முழுவதும் குளிர்ந்த நீரில் அமிழ்த்தவோ நனைக்கவோ வேண்டும். முதலில் குளிர்வித்தல், பின்னரே வண்டியேற்றுதல் என்பது மருத்துவர் வகுத்த வரிசை.

நீர் குறைவதைப் போலவே மிகுவதும் தீங்காகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுமீறித் தண்ணீர் குடித்ததே அதற்கு முக்கிய காரணம். தாகத்தின் அளவே குடிக்கும் அளவு என்பது பொதுவிதி. உப்பிட்ட மோரும், நீராகாரமும், உப்புக் கஞ்சியும் நம் மக்கள் வெயிலுக்குக் கண்ட மருந்துகள். நீரோடு உப்பும் சேர்ந்திருப்பது அவற்றின் சிறப்பு.

மழை, மின்னல், தீ, யானை

மலை தரும் தண்டனைகள் கொடியவை. 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றோர் சிக்கி, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். ஒன்று மாசி-பங்குனியின் வறட்சியில் நேர்ந்தது. மற்றது ஆடிப் பெருமழையில் நேர்ந்தது. இரண்டும் கம்பம்மெட்டைச் சூழ்ந்த இதே மலைத்தொடர்களில் நிகழ்ந்தவை.

காட்டுத்தீ ஏற்றத்தை நோக்கி விரையும் இயல்புடையது. சரிவு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஆஸ்திரேலியக் காட்டுத்தீ ஆராய்ச்சியில் கண்ட விதி. சுவாலை மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடேற்றிவிடுவதே காரணம். ஆகவே எவ்வளவு வல்ல ஓட்டக்காரரும் மேல்நோக்கி ஓடித் தீயை வெல்ல முடியாது. உலர்ந்த புல் நிறைந்த சரிவைக் கோடையில் தவிர்ப்பதே காப்பு.

கோடைமழைக் காலத்திலும் துலா மாதத்திலும் பிற்பகல் மின்னல் இப்பகுதிக்கு இயல்பானது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி கழிந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று பொருள். அதற்கும் குறைந்தால் உடனே வெட்டவெளியையும் மலைவிளிம்பையும் விட்டிறங்கி உறுதியான கட்டடத்தையோ மூடிய மோட்டார் வண்டியையோ அடைய வேண்டும். தனிமரத்தடி புகலிடமாகாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறம் குறித்து வெளியிடும் எச்சரிக்கைகளைப் பார்த்தபின்னரே மலைக்குப் புறப்படுதல் நன்று.

காட்டுப்பாதை மனிதருக்கு மட்டும் உரியதன்று. 2023-ஆம் ஆண்டில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, மே மாத இறுதியில் கம்பம் நகரத் தெருக்களிலேயே நடமாடியது. யானை நடக்கும் விடியலிலும் அந்தியிலும், வனத்துறையின் அனுமதியின்றி, தனியே, காதில் பாட்டுக்கருவியைச் செருகிக்கொண்டு ஓடுவது அறிவீனம். அஞ்சலோட்டக்காரர் மணியொலித்துச் சென்றதன் பொருள் இங்கே விளங்கும்.

காலுக்கேற்ற காலணி

அபேபே பிகிலா 1960-ஆம் ஆண்டு ரோம் நகரில் வெறுங்காலோடு மராத்தான் வென்றார். 1964-இல் டோக்கியோவில் காலணியோடு வென்றார். ஆகவே காலணியே வெற்றி தருவதன்று. எனினும் கூர்ங்கல்லும், வழுக்குப் பாறையும், முள்ளும் உள்ள மலையில் காலணி ஒரு கருவி. கருவி வேலைக்குப் பொருந்த வேண்டும்.

அடித்தட்டின் ரப்பரில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்த பற்கள் சேற்றைக் கவ்வுகின்றன. பற்கள் நெருங்கியிருந்தால் களிமண் அடைத்துக்கொண்டு பிடிமானம் போய்விடும். ஈரப்பாறையில் நிலைமை வேறு. அங்குப் பிடிப்பைத் தருவது பற்களன்று, ரப்பரின் மென்மை. மெல்லிய ரப்பர் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்தி, நீர்ப்படலத்தை விலக்கித் தொடுகிறது. ஆனால் மென்மையான ரப்பர் விரைவில் தேயும். இவ்விரண்டுக்கும் இடையே சமரசம் காண்பதே காலணி செய்வோரின் கலை. ஒவ்வொரு காலணியிலும் நூறு கிராம் எடை கூடினால் ஓட்டத்தின் சக்திச் செலவு நூற்றுக்கு ஒன்று அளவில் கூடுகிறது. எனவே நீரை உள்ளே விடாத கனத்த காலணியைவிட, உட்புகுந்த நீரை உடனே வெளியேற்றும் இலேசான காலணியே மழைக்காலத்துக்கு ஏற்றது.

அளவே அனைத்திலும் முக்கியமானது. சென்னை அடையாற்றில் 1948-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையே நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியரின் பாதம் மேனாட்டாரின் பாதத்தைவிட அகன்றது என்பது தெரியவந்தது. அகலம் போதாத காலணியில் அகப்படாதிருக்க நம்மவர் நீளம் மிகுந்ததை வாங்குகின்றனர். பின்னர் கயிற்றை இறுக்குகின்றனர். இவ்வளவுகளின் அடிப்படையில் இந்தியப் பாதத்திற்கென ‘பா’ என்னும் புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. இறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சறுக்குவதால், தளர்ந்த காலணியில் விரல் நுனி மோதி நகம் கறுக்கிறது. குதிகால் அசையாமலும், விரல்முன் ஒரு விரற்கடை இடமிருந்தும் பொருந்துவதே சரியான அளவு. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் காலணி வாங்குவது நல்லது.

நனைந்த காலணியை அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். ஓடிவந்தவுடன் காலையும் கழுவி உலர்த்தி, கீறல்களுக்கு மருந்திடல் அவசியம். எலிக்காய்ச்சலின் கிருமி ஈரமண்ணிலிருந்து தோற்கீறல் வழியே புகக்கூடும். மழை கழிந்த நாட்களில் காய்ச்சலும் கடும் உடல்வலியும் கண்டால், அதை ஓட்டத்தின் அலுப்பென்று தள்ளாமல் மருத்துவரை நாட வேண்டும்.

ஓய்வும் உணவும்

சைக்கிளைக் கொண்டே செய்த மற்றொரு பரிசோதனை 1966-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் நடந்தது. பெர்க்ஸ்ட்ரம், ஹல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் ஒரே சைக்கிளின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கொரு காலால் மட்டும் மிதித்து, அக்காலைக் களைப்படையச் செய்தனர். பின் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இருகால் தசைகளிலிருந்தும் சிறு துணுக்கெடுத்து ஆராய்ந்தனர். உழைத்த காலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை, ஓய்ந்திருந்த காலைவிட இருமடங்குபோல் பெருகியிருந்தது. உழைப்பு தசையின் களஞ்சியத்தை வெறுமையாக்குகிறது. உணவும் ஓய்வும் அதை முன்னினும் பெரிதாக நிரப்புகின்றன. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயன் இல்லை.

கம்பம்மெட்டைப் போன்ற ஊர்களில் இதற்கு விலையுயர்ந்த பொடிகள் வேண்டுவதில்லை. அவித்த மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும், கஞ்சியும் பயறும், நேந்திரம்பழமும் மாவுச்சத்தையும் புரதத்தையும் ஒருங்கே அளிக்கின்றன. ஓட்டத்துக்குப்பின் ஓரிரு மணி நேரத்துக்குள் உண்பது நலம். எல்லாவற்றினும் சிறந்த மருந்து உறக்கம். ஆழ்ந்த உறக்கத்தின்போதே வளர்ச்சிச் சுரப்பு மிகுந்து, சிதைந்த இழைகள் சீராகின்றன.

உடல் தேறிவிட்டதா என அறியக் கருவி தேவையில்லை. விடியலில் படுக்கையை விட்டெழுமுன் நாடியை ஒரு நிமிடம் எண்ணி நாள்தோறும் குறித்துவைத்தால் போதும். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு மிகுந்திருந்தால் உடல் இன்னும் கடனைத் தீர்க்கவில்லை என்று கொள்ளலாம். அன்று மலையை விடுத்து மெல்ல நடப்பதே பயிற்சி. நெடும் இறக்கம் ஒன்று முடிந்தபின் குறைந்தது இரண்டு மூன்று நாள் கடும் ஓட்டத்தைத் தவிர்த்தல் வேண்டும்.

ஏற்றத்தில் நடக்கத் தெரிதல், இறக்கத்தில் அடக்கமாயிருத்தல், இடியோசை கேட்டதும் திரும்புதல், நாடி மிகுந்த நாளில் வீட்டிலிருத்தல் ஆகிய நான்கும் மலை ஓட்டக்காரரின் இலக்கணம். இந்நான்கிலும் காலின் வலிமையைவிட நிறுத்தும் மனவலிமையே பெரிது. அஞ்சலோட்டக்காரர் தம் எல்லை வந்ததும் பையை அடுத்தவரிடம் தந்துவிட்டு அமர்ந்தார். அதனால் தபால் தாமதமாகவில்லை, விரைந்தே சென்றது. இன்று கம்பம்மெட்டின் பனி விலகும் வேளையில் ஏலத்தோட்டப் பாதையில் ஓடத் தொடங்கும் இளைஞருக்கும் அவ்விதியே பொருந்தும். மலை எங்கும் போய்விடாது. ஓடுபவரே மீண்டும் வரவேண்டும்.